ஹாடிங்டன்: சந்தை வகுத்த நகரம்

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்குக் கிழக்கே சுமார் 27 கிலோமீட்டர் தொலைவில், டைன் ஆற்றங்கரையில் அமைந்திருக்கிறது ஹாடிங்டன். இங்கிலாந்தின் நியூகாசில் நகரைத் தொட்டு ஓடும் டைன் வேறு, இது வேறு. இந்தச் சிற்றாறு ஸ்காட்லாந்துக்குள்ளேயே தோன்றி, டன்பார் ஊருக்கு அருகில் வடகடலில் கலந்துவிடுகிறது. ஊருக்குத் தெற்கே லாமர்மியூர் குன்றுகள். வடக்கே ஃபோர்த் கழிமுகம். இரண்டுக்கும் இடைப்பட்ட சமவெளி, ஸ்காட்லாந்தின் மிகச் செழிப்பான கோதுமை, பார்லி நிலம். ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ 10,000. ஈஸ்ட் லோதியன் மாவட்டத்தின் நிர்வாகத் தலைமையிடமும் இதுவே.

கோட்டைகளையும் ஏரிகளையும் தேடி ஸ்காட்லாந்துக்குச் செல்லும் பயணிகள் பெரும்பாலும் இந்த ஊரில் நிற்பதில்லை. ஆனால் இடைக்கால ஸ்காட்லாந்தில் ஒரு சந்தை நகரம் எப்படி உருவானது, எதனால் வளர்ந்தது, எதனால் தளர்ந்தது என்பதைத் தெருவில் நடந்தே தெரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான ஊர்கள் மிகக் குறைவு.

அரசன் தந்த உரிமை

12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஸ்காட்லாந்தை ஆண்ட முதலாம் டேவிட் (1124–1153), நாட்டின் பொருளாதாரத்தை மாற்றியமைத்த மன்னர். அதுவரை நிலக்கொடையும் போருமாக இருந்த அரசாட்சிக்குள் அவர் நகரங்களைக் கொண்டுவந்தார். குறிப்பிட்ட இடங்களைத் தேர்ந்து, அவற்றுக்கு ‘ராயல் பரா’ என்ற தகுதியை வழங்கினார். அந்தத் தகுதி பெற்ற ஊரின் குடியுரிமையாளர்கள் சுற்றுவட்டாரத்தின் கம்பளி, தோல், துணி வணிகத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ளலாம். வாரச் சந்தை கூட்டலாம். சந்தைக்கு வரும் சரக்குக்குச் சுங்கம் வாங்கலாம். அதற்கு ஈடாக மன்னருக்கு ஆண்டு வாடகை செலுத்தி, ஊரைக் காவல் காக்க வேண்டும். ஹாடிங்டன் இந்தத் தகுதியை மிகத் தொடக்கத்திலேயே பெற்ற ஊர்களுள் ஒன்று.

டேவிடின் மகன் ஹென்றி 1139இல் அடா டி வாரென் என்ற சீமாட்டியை மணந்தபோது, ஹாடிங்டன் அவருக்குச் சீதன நிலமாகக் கொடுக்கப்பட்டது. அடாவின் பிள்ளைகளில் இருவர், நான்காம் மால்கமும் வில்லியமும், அரியணை ஏறினர். வில்லியமின் மகன் இரண்டாம் அலெக்சாண்டர் 1198இல் இந்த ஊரிலேயே பிறந்தார். அரச குடும்பத்தோடு இருந்த இந்த நெருக்கம் ஊருக்குப் பெருமை சேர்த்தது. கூடவே பகையையும் சேர்த்தது. எல்லைக்கு அப்பாலிருந்து படையெடுத்து வந்த இங்கிலாந்து மன்னர்களுக்கு, எடின்பரோ செல்லும் வழியில் இருந்த இந்தத் தானியக் களஞ்சியம் முதல் இலக்காயிற்று. 1216இல் ஜான் மன்னரின் படை ஊரை எரித்தது. 1356இல் மூன்றாம் எட்வர்டின் படை மறுபடியும் எரித்தது. ஒவ்வொரு முறையும் ஊர் அதே இடத்தில், அதே மனைக்கோடுகளின் மேல் திரும்ப எழுந்தது. கட்டடங்கள் எரிந்தாலும் மனையின் எல்லைகள் எரிவதில்லை என்பதுதான் ஹாடிங்டனைப் புரிந்துகொள்ளத் தேவையான முதல் செய்தி.

முக்கோணமும் கீற்று மனைகளும்

எடின்பரோவிலிருந்து வரும் பழைய சாலை மேற்கே கோர்ட் ஸ்ட்ரீட்டாக ஊருக்குள் நுழைகிறது. நகர மன்றக் கட்டடத்தை அடைந்ததும் இரண்டாகப் பிரிகிறது. வடக்குக் கிளை மார்க்கெட் ஸ்ட்ரீட், தெற்குக் கிளை ஹை ஸ்ட்ரீட். இரண்டும் கிழக்கே ஹார்ட்கேட் தெருவில் முடிகின்றன. நிலப்படத்தில் பார்த்தால் நீண்ட முக்கோணம் ஒன்று தெளிவாகத் தெரியும். இடைக்காலத்தில் அந்த முக்கோணம் முழுவதும் திறந்தவெளிச் சந்தைதான். மேற்கு முனை குறுகல், கிழக்கே போகப்போக அகலம்; ஆடு மாடுகளும் வண்டிகளும் புழங்கப் போதுமான இடம்.

இன்று அந்த வெளியின் நடுவே வரிசையாகக் கட்டடங்கள் நிற்கின்றன. சந்தை நாளில் மட்டும் போட்ட தற்காலிகக் கடைகள் நாளடைவில் மரச்சுவர் பெற்று, பிறகு கல்சுவர் பெற்று, நிலையான வீடுகளாகிவிட்டன. இப்படித்தான் ஒரே சந்தை வெளி இரண்டு தெருக்களாகப் பிளந்தது. ஸ்காட்லாந்தின் பல பழைய நகரங்களில் இந்த நடுவரிசை பின்னாளில் போக்குவரத்துக்காக இடிக்கப்பட்டது. ஹாடிங்டனில் அது அப்படியே இருப்பதால், ஆக்கிரமிப்பு எப்படி நகரமாகியது என்பதை இன்றும் கண்ணால் பார்க்க முடிகிறது.

சந்தையைச் சுற்றியிருந்த நிலம், குடியுரிமையாளர்களுக்குக் கீற்றுக் கீற்றாகப் பிரித்துத் தரப்பட்டது. சந்தை முகப்பு என்பது விலைமதிப்புள்ள இடம். அதை எல்லோருக்கும் பங்கிட வேண்டியிருந்ததால் ஒவ்வொரு மனைக்கும் அகலம் குறைவு, நீளம் மிகுதி. முன்னால் கடையும் வீடும். பின்னால் பட்டறை, தொழுவம், கிணறு, காய்கறித் தோட்டம். ஹை ஸ்ட்ரீட்டின் மனைகள் தெற்கு நோக்கியும், மார்க்கெட் ஸ்ட்ரீட்டின் மனைகள் வடக்கு நோக்கியும் நீண்டன. மனைகளுக்கு இடையே பின்கட்டுக்குச் செல்லும் குறுகிய சந்துகள் இருந்தன. அவற்றுள் பல இன்றும் புழக்கத்தில் உள்ளன. கடை முகப்புகளை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஊரின் பாதியை இழக்கிறார்கள். மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலிருந்து விலகும் மிட்செல்ஸ் க்ளோஸ் போன்ற ஒரு சந்துக்குள் நுழைந்தால், 17ஆம் நூற்றாண்டுக் கற்சுவர்களும் செந்நிற ஓட்டுக் கூரைகளும் ஒட்டி நிற்கும் பின்கட்டு உலகம் அப்படியே விரிகிறது. வளைவான அந்தச் செந்நிற ஓடு, ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரைக்கே உரிய அடையாளம். வடகடலின் மறுகரையிலுள்ள நெதர்லாந்துப் பகுதியோடு நடந்த வணிகத்தின் வழியாக அது இங்கே பரவியது. ஹாடிங்டனுக்குக் கடல் இல்லை. வடக்கே கழிமுகக் கரையிலுள்ள ஆபர்லேடி அதன் துறைமுகமாக இருந்தது.

சந்தையின் மையத்தில் மூன்று அமைப்புகள் ஊரின் உரிமைக்குச் சான்றாக நின்றன: அரச ஆணைகளும் விலை அறிவிப்புகளும் வாசிக்கப்பட்ட சந்தைத் தூண், சரக்கை நிறுத்துச் சுங்கம் விதிக்கும் பொதுத் தராசு, சுங்கச்சாவடியும் சிறையும் மன்றமுமாக ஒருங்கே இயங்கிய நகர மன்றம். இன்று நிற்கும் நகர மன்றக் கட்டடத்தை 18ஆம் நூற்றாண்டின் நடுவில் வடிவமைத்தவர் வில்லியம் ஆடம். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடமின் தந்தை அவர். அதன்மேல் உயர்ந்து நிற்கும் கூர்கோபுரத்தை 1831இல் ஜேம்ஸ் கில்லெஸ்பி கிரஹாம் சேர்த்தார். கோர்ட் ஸ்ட்ரீட் வழியாக வருகிறவர்களின் பார்வை முதலில் விழுவது இந்தக் கோபுரத்தின் மேல்தான்.

லோதியனின் விளக்கு

சந்தையிலிருந்து தென்கிழக்கே சில நிமிட நடையில், ஆற்றோரப் புல்வெளியில், ஊரின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத பெரிய தேவாலயம் ஒன்று நிற்கிறது. சுமார் 63 மீட்டர் நீளம் கொண்ட புனித மேரி தேவாலயம், ஸ்காட்லாந்தின் பங்குத் தேவாலயங்களுள் மிக நீளமானது. 1356 எரிப்பில் பழைய ஆலயங்கள் அழிந்த பிறகு, 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி அடுத்த நூற்றாண்டு முழுவதும் இதைக் கட்டினார்கள். செலவைத் தாங்கியதில் கம்பளி, தோல் வணிகர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ‘லோதியனின் விளக்கு’ என்ற புகழ்ப்பெயர் முதலில் எட்வர்டின் படை எரித்த பிரான்சிஸ்கன் துறவியரின் ஆலயத்துக்கு உரியது. பின்னர் அது இந்த ஆலயத்துக்கு வந்து சேர்ந்தது.

கட்டி முடித்து நூறாண்டுகூட ஆகவில்லை. அதற்குள் இந்த ஆலயம் ஒரு போரின் நடுவே அகப்பட்டுக்கொண்டது. அதன் காரணம் ஒரு குழந்தையின் திருமணம். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி, ஸ்காட்லாந்தின் கைக்குழந்தை அரசி மேரியைத் தன் மகன் எட்வர்டுக்கு மணமுடிக்க 1543இல் உடன்படிக்கை செய்தார். ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அதை மறுத்தது. மறுப்புக்குப் பதிலாகப் படைகள் வந்தன. ஹென்றி 1547இல் இறந்த பிறகும் போர் நிற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று, ஹாடிங்டனுக்கு மேற்கே பிங்கி என்னும் இடத்தில் ஸ்காட்லாந்துப் படை பேரழிவைச் சந்தித்தது.

அடுத்த ஆண்டு இங்கிலாந்துப் படை ஹாடிங்டனைக் கைப்பற்றி, ஊரைச் சுற்றி மண் அரண் எழுப்பியது. ஏன் இந்த ஊர்? எடின்பரோ ஒரு நாள் நடைத் தொலைவில்; சுற்றிலும் விளைநிலம்; காவற்படைக்கு உணவு அருகிலேயே. சந்தைக்கு இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கச் செய்த அதே காரணங்களே இப்போது எதிரியையும் இங்கே அழைத்துவந்தன. உயரமான கற்சுவர் பீரங்கியின் முன் நிற்காது என்பதை இத்தாலியப் போர்களில் ஐரோப்பா கற்றிருந்தது. எனவே மூலைகளில் கூர்முனைக் கொத்தளங்கள் கொண்ட தாழ்ந்த, தடித்த மண் அரண் எழுந்தது. ஸ்காட்லாந்தில் இந்தப் புதிய பாணியில் எழுந்த முதல் அரண்களில் இதுவும் ஒன்று.

அந்த அரணுக்கு வெளியே, சண்டைக்களத்திலேயே நின்றது புனித மேரி தேவாலயம். ஸ்காட்லாந்துக்கு உதவ 1548 ஜூன் மாதம் பிரெஞ்சுப் படை கடல்வழி வந்து இறங்கி, முற்றுகையில் சேர்ந்தது. உதவிக்கு ஒரு விலை இருந்தது. ஜூலை 7ஆம் நாள், முற்றுகைக் களத்துக்கு அருகிலேயே, அடா சீமாட்டி நிறுவிய கன்னிமாடத்தில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கூடியது. ஐந்து வயது அரசி மேரியைப் பிரெஞ்சு இளவரசனுக்கு மணமுடிக்க அங்கே ஒப்புதல் தரப்பட்டது. அதற்கடுத்த நாட்களில் முற்றுகையைப் பார்வையிட வந்த அரசியின் தாய், மேரி டி கீஸ், பீரங்கித் தாக்குதலுக்கு ஆளானார். உடன் நின்றவர்கள் பலர் மாண்டனர், அவர் தப்பினார். ஆகஸ்டில் குழந்தை அரசி டம்பார்ட்டனிலிருந்து கப்பலேறி பிரான்ஸ் சென்றார். 13 ஆண்டுகள் அவர் நாடு திரும்பவில்லை. எந்தப் பெண்ணுக்காகப் போர் நடந்ததோ அந்தப் பெண்ணே எட்டாத தொலைவுக்குப் போய்விட்ட பின், ஹாடிங்டனைப் பிடித்துவைப்பதில் இங்கிலாந்துக்குப் பொருளில்லாமல் போயிற்று. கொள்ளைநோயும் பட்டினியும் செலவும் சேர்ந்துகொள்ள, 1549 செப்டம்பரில் காவற்படை வெளியேறியது. மண் அரண்கள் சமன்செய்யப்பட்டன. இன்று தரைக்கு மேல் அவற்றின் சுவடு எதுவும் இல்லை.

சுவடு முழுவதும் தேவாலயத்தின் உடலில்தான் தங்கியது. கிழக்குப் பாதியும் இருபக்கக் கைகளும் கூரை இழந்தன. முழுவதையும் செப்பனிட ஊரிடம் பணம் இல்லை. மேற்குப் பாதியை மட்டும் சரிசெய்து, நடுவே சுவர் எழுப்பி அடைத்து, அதையே வழிபாட்டுக்குப் பயன்படுத்தினார்கள். மறுபாதி வானம் பார்த்துக் கிடந்தது. அந்த நிலை 400 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

ஹாமில்டன் சீமாட்டி எலிசபெத்தின் முயற்சியில் 1967இல் ‘லாம்ப் ஆஃப் லோதியன்’ அறக்கட்டளை தொடங்கப்பட்ட பிறகு ஊரில் புதிய ஊக்கம் பிறந்தது. 1971க்கும் 1973க்கும் இடையே தேவாலயத்தின் கிழக்குப் பாதிக்குக் கூரை போடப்பட்டது, நடுச்சுவர் அகற்றப்பட்டது. அரிக்கப்பட்ட பழைய சுவர்கள் கல் விதானத்தின் எடையைத் தாங்கா என்பதால், உள்விதானத்தை ஃபைபர்கிளாஸில் வார்த்தார்கள். மேற்குப் பாதியின் விதானமும் இடைக்காலக் கல் அல்ல, 19ஆம் நூற்றாண்டுச் சாந்துப்பூச்சு என்பதால் இரண்டும் உறுத்தாமல் இணைகின்றன. பழமையைப் பேணுவோர் எல்லோரும் இத்தகைய முடிவை ஏற்பதில்லை. ஆனால் மேற்கு வாசலில் நின்று, கிழக்குச் சாளரம் வரை ஒரே பார்வையில் கட்டடத்தைக் காணும்போது, அந்தத் துணிச்சல் சரியானதே என்று தோன்றுகிறது. தென்கையில் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் வரைந்த வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்றும் உள்ளது.

வடபுறம் லாடர்டேல் பிரபுக்களின் நினைவறை இருக்கிறது. இதன் அடியிலுள்ள கல்லறையில் 1682இல் இறந்த லாடர்டேல் கோமகன் புதைக்கப்பட்டார். அவருடைய பெட்டி இடம் மாறிக் கிடந்ததைப் பலமுறை கண்ட ஊர்மக்கள் அச்சத்தோடு கதை பேசினர். டைன் வெள்ளம் கல்லறைக்குள் புகுந்து பெட்டியை மிதக்கவிட்டதே காரணம்.

ஆறும் அக்கரையும்

தேவாலயத்தை ஒட்டி ஓடும் ஆற்றின்மேல் பழைய நன்கேட் பாலம் நிற்கிறது. செம்மணற்கல்லால் ஆன இந்த வளைவுப் பாலத்தின் பெரும்பகுதி 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒடுக்கமான அந்தப் பாலத்தில் இப்போது மக்கள் நடந்து மட்டுமே போகிறார்கள். அழகான ஆறுதான், ஆனால் ஊர் அதை ஒருபோதும் முழுவதும் நம்பியதில்லை. 1775 அக்டோபர் 4 அன்று குன்றுகளில் பெய்த மழையில் ஆறு 5 மீட்டருக்கு மேல் உயர்ந்து ஊருக்குள் புகுந்தது. அந்த நாளை நினைவுகூரும் கல்வெட்டு ஊரில் உள்ளது. 1948 ஆகஸ்டிலும் தெருக்கள் மூழ்கின. நெருப்பின் அச்சமும் குறைந்ததல்ல. 1598இல் ஒரு வீட்டில் துணி உலர்த்த வைத்த அடுப்பிலிருந்து பரவிய தீ, ஊரின் பெரும்பகுதியை அழித்தது. அதன்பின் குளிர்கால இரவுகளில் நகரப் பறையறைவோன் தெருத்தெருவாகச் சென்று, கரியையும் மெழுகுவர்த்தியையும் கவனமாகக் கையாளும்படி பாட்டாகப் பாடி எச்சரிக்கும் வழக்கம் ஏற்பட்டு, பல தலைமுறைகள் நீடித்தது.

பாலத்தின் அக்கரை நன்கேட். ஒரு காலத்தில் கன்னிமாடத்தின் ஆளுகையில் இருந்த தனிக் குடியிருப்பு. 12ஆம் நூற்றாண்டில் எழுந்த புனித மார்ட்டின் சிற்றாலயம் இங்கே கூரையின்றி நிற்கிறது. ஹாடிங்டன் வட்டாரத்தின் மிகப் பழைய கட்டடங்களுள் ஒன்று. அருகிலுள்ள கிஃபோர்ட்கேட் பகுதியில் சுமார் 1514இல் மதச் சீர்திருத்தவாதி ஜான் நாக்ஸ் பிறந்தார் என்பது மரபு. அவர் பிறந்ததாகக் கருதப்படும் இடத்தில், எழுத்தாளர் தாமஸ் கார்லைலின் விருப்பப்படி 1881இல் ஓர் ஓக் மரம் நடப்பட்டது.

கத்தோலிக்கக் குருவாகப் பயிற்சி பெற்ற நாக்ஸை மாற்றியவர் ஜார்ஜ் விஷார்ட் என்ற சீர்திருத்தப் போதகர். 1546 தொடக்கத்தில் விஷார்ட் ஹாடிங்டனில் பேசியபோது, அவருக்குக் காவலாக இருகை வாள் ஏந்தி நின்றவர் நாக்ஸ். கேட்க வந்தவர்கள் சொற்பம். அன்றிரவே அருகிலுள்ள ஆர்மிஸ்டன் கிராமத்தில் விஷார்ட் பிடிபட்டார். மார்ச் 1 அன்று செயின்ட் ஆண்ட்ரூஸில் எரிக்கப்பட்டார். உடன்வர விரும்பிய நாக்ஸை அன்று அவர் திருப்பி அனுப்பியிருந்தார். 1560இல் ஸ்காட்லாந்து புராட்டஸ்டன்ட் நாடானபோது அதன் குரலாக ஒலித்தவர் அந்த நாக்ஸ்தான். ஹாடிங்டன் கன்னிமாடத்தில் எடுத்த முடிவால் கத்தோலிக்கப் பிரான்ஸில் வளர்ந்த மேரி அரசி, 1561இல் நாடு திரும்பியதும் நேருக்கு நேர் சந்திக்க வேண்டியிருந்த கடுமையான எதிர்ப்பாளர், அதே ஆற்றங்கரையில் பிறந்தவர்.

தானியத்தின் காலம்

17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ராயல் பராக்களின் வணிகத் தனியுரிமை மெல்லத் தேய்ந்தது. ஆனால் ஹாடிங்டனின் பொற்காலம் அதன்பிறகுதான் வந்தது. சாசனத்தால் அல்ல, மண்ணால். 18ஆம் நூற்றாண்டில் ஈஸ்ட் லோதியன் ஸ்காட்லாந்து வேளாண்மையின் முன்னோடியாயிற்று. ஆர்மிஸ்டனின் ஜான் காக்பர்ன் தன் குத்தகையாளர்களுக்கு நீண்டகாலக் குத்தகை தந்து, நிலத்தை வேலியடைத்துத் திருத்த ஊக்குவித்தார். ஹாடிங்டனுக்குக் கிழக்கே, ஹூஸ்டன் மில்லில் ஆண்ட்ரூ மெய்க்கிள் 1786இல் கதிரடிக்கும் இயந்திரத்தை வெற்றிகரமாக உருவாக்கினார். குளிர்காலம் முழுதும் ஆட்கள் கோலால் அடித்துப் பிரித்த தானியத்தை, நீர்விசையிலோ குதிரை விசையிலோ சில நாட்களில் பிரிக்க முடிந்தது.

இந்த வேளாண் ஆர்வத்தின் ஒரு கிளை தமிழகம் வரை நீண்டது. ஹாடிங்டனுக்குத் தெற்கே, கிஃபோர்ட் கிராமத்தை ஒட்டிய யெஸ்டர் மாளிகையில் வாழ்ந்த எட்டாம் டுவீடேல் பிரபு, நீர் தேங்கும் களிமண் நிலத்தடியில் சுட்ட ஓட்டுக் குழாய்களைப் பதித்து வடிகால் அமைப்பதில் பேர்பெற்றவர். அந்த ஓடுகளைச் செய்ய இயந்திரமும் கண்டுபிடித்தார். 1842 முதல் 1848 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர் இவரே. உதகமண்டலத்தின் தாவரவியல் பூங்கா அவர் ஆட்சிக் காலத்தில்தான் கருக்கொண்டது. 1848இல் வில்லியம் கிரஹாம் மக்ஐவர் அதைச் சீரமைக்கத் தொடங்கினார். இந்தியத் தலைமை ஆளுநரான டல்ஹவுசி பிரபுவின் மனைவி சூசன், டுவீடேலின் மகள்.

விளைச்சல் பெருகப் பெருக, வெள்ளிக்கிழமைதோறும் ஹாடிங்டன் தெருக்களில் கோதுமை, பார்லி, ஓட்ஸ், பட்டாணி மூட்டைகள் நிறைந்தன. ரொக்கத்துக்கு விற்கும் சந்தை என்பதால் தொலைவிலிருந்தும் வணிகர்கள் வந்தார்கள். இன்று கோர்ட் ஸ்ட்ரீட்டிலும் ஹை ஸ்ட்ரீட்டிலும் காணும் ஜார்ஜியக் கால முகப்புகள் பெரும்பாலும் அந்த வருமானத்தில் எழுந்தவை. பலவற்றின் பின்னால் மறைந்திருப்பது பழைய 17ஆம் நூற்றாண்டு வீடு. 1854இல் தானிய வணிகத்துக்கென்றே ஒரு பெரிய மண்டபம் கட்டப்பட்டது.

ஆனால் அந்த மண்டபம் எழுந்தபோதே காலம் மாறத் தொடங்கியிருந்தது. லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் இடையிலான முதன்மை ரயில்பாதை ஊரைத் தொடாமல் வடக்கே சென்றது. 1846இல் லாங்நிட்ரியிலிருந்து ஒரு கிளைப்பாதை மட்டும் வந்தது. ரயிலேறினால் எடின்பரோச் சந்தை எட்டும் தொலைவு என்றானபின் உள்ளூர்ச் சந்தைக்கு அவசியம் குறைந்தது. 1870களில் அமெரிக்கக் கோதுமை வந்து குவிந்து விலை சரிந்தது. கிளைப்பாதையும் 1949இல் பயணிகள் சேவையையும், 1968இல் சரக்குச் சேவையையும் நிறுத்திக்கொண்டது. அது இப்போது நடைபாதை.

ஊர் தந்த மனிதர்கள்

வணிகம் செழித்த ஊரில் கல்விக்கும் இடமிருந்தது. 15ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் வரலாற்றை லத்தீனில் விரிவாக எழுதிய வால்டர் பவர் இங்கே பிறந்தவர். ஆபர்லேடியின் குரு ஜான் கிரே 1717இல் தன் நூல்தொகுதி முழுவதையும் பிறந்த ஊருக்கே எழுதிவைத்தார். அவர் பெயரைத் தாங்கிய மையத்தில் இப்போது நூலகம், அருங்காட்சியகம், ஆவணக்காப்பகம் மூன்றும் இயங்குகின்றன. ஆடு மேய்த்துக்கொண்டே தானாகக் கிரேக்கம் கற்ற ஜான் பிரவுன், 1751 முதல் 1787இல் இறக்கும்வரை இந்த ஊரில் போதகராக இருந்தார். அவருடைய விளக்கவுரையுடன் கூடிய விவிலியம் பல தலைமுறைக் குடும்பங்களில் படிக்கப்பட்டது.

1812இல் இங்கே பிறந்த சாமுவேல் ஸ்மைல்ஸ், தந்தையைக் காலராவுக்குப் பறிகொடுத்தவர். பெரிய குடும்பத்தைத் தாய் தனியாகக் காப்பாற்றினார். எடின்பரோவில் மருத்துவம் படித்து, ஹாடிங்டனிலேயே சில காலம் மருத்துவராக இருந்து, பிறகு லீட்ஸ் சென்று பத்திரிகையாளரானார். உழைப்பாலும் விடாமுயற்சியாலும் உயர்ந்தவர்களின் வாழ்க்கையைத் தொகுத்து 1859இல் அவர் எழுதிய ‘செல்ஃப் ஹெல்ப்’ முதல் ஆண்டிலேயே 20,000 படிகள் விற்றது. ஜப்பானிய மொழிபெயர்ப்பு 1871இல் வெளியாகி, அந்நாட்டின் நவீனமயக் காலத்தில் பெரும் செல்வாக்குப் பெற்றது.

அவர்களைவிட நெருக்கமாக ஊரின் நினைவில் நிற்பவர் ஜேன் வெல்ஷ். 1801இல் இவ்வூர் மருத்துவரின் ஒரே மகளாகப் பிறந்தார். அவருடைய ஆசிரியராக இருந்த எட்வர்ட் இர்விங்தான் 1821இல் தன் நண்பர் தாமஸ் கார்லைலை அந்த வீட்டுக்கு அழைத்துவந்து அறிமுகப்படுத்தினார். 1826இல் திருமணம். கணவர் பெரும் எழுத்தாளராகப் புகழ்பெற்றார். ஜேன் நூல் எதுவும் வெளியிடவில்லை. ஆனால் அவர் எழுதிய கடிதங்கள் ஆங்கில மொழியின் மிகச் சிறந்த கடிதங்களுள் வைத்து எண்ணப்படுகின்றன. அந்தத் திறமை கடிதங்களுக்குள்ளேயே அடங்கிப்போனது அந்தக் காலத்தின் இழப்பு. 1866இல் லண்டனில் வண்டியில் சென்றுகொண்டிருந்தபோது திடீரென இறந்தார். விருப்பப்படியே ஹாடிங்டனில், தந்தையின் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அப்போது கூரையற்றுக் கிடந்த தேவாலயத்தின் கிழக்குப் பாதியில் இருந்தது அந்தக் கல்லறை. மழையும் வெயிலும் பட்ட கல், 1970களின் திருப்பணிக்குப் பிறகு இப்போது கூரையின்கீழ் இருக்கிறது. அதன்மேல் கார்லைல் பொறித்த நினைவுரையைப் படிக்கவே தேவாலயத்துக்கு வருகிறவர்கள் உண்டு.

காப்பாற்றிய தலைமுறை

20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹாடிங்டன் சோர்ந்துகிடந்தது. பழைய வீடுகள் இடிந்தன. பாத்வெல் பிரபுக்களின் நகர மாளிகை எனப்பட்ட பழங்கட்டடம் 1950களில் இடிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் மாவட்டத் திட்ட அலுவலராக இருந்த ஃபிராங்க் டிண்டால், 1950 முதல் 25 ஆண்டுகள் பொறுப்பில் இருந்து போக்கை மாற்றினார். கிளாஸ்கோவின் நெரிசலிலிருந்து குடும்பங்களை வரவேற்றுப் புதிய குடியிருப்புகள் கட்டப்பட்டன. அவற்றை ஊரின் ஓரங்களில் அமைத்ததால் நடுவிலிருந்த முக்கோணம் குலையவில்லை. நடுநகரில் கடைக்காரர்களையும் வீட்டுக்காரர்களையும் இணங்கவைத்து, தெரு முழுவதற்கும் ஒரே திட்டத்தில் முகப்புகளுக்கு வண்ணம் தீட்டினார்கள். இளஞ்சிவப்பு, காவி, வெளிர் மஞ்சள், சாம்பல் எனப் பக்கத்து வீட்டோடு ஒத்துப்போகும்படி தேர்ந்த வண்ணங்கள் அவை. மிட்செல்ஸ் க்ளோஸ் 1960களில் புதுப்பிக்கப்பட்டுப் பட்டறைகளுக்கு இடமானது. ஆற்றோர போல்ட்ரேட் மாவரைக்கும் ஆலை கலை மையமாயிற்று. ஒரு கட்டடத்தை மட்டும் காப்பதைவிடத் தெருவின் மொத்த உருவத்தைக் காப்பதே முதன்மை என்ற அந்த முடிவுதான் இன்றைய ஹாடிங்டனைத் தந்தது.

செல்லும் வழி

ரயில் இல்லாததால் எடின்பரோவிலிருந்து பேருந்தில் வருவதே எளிது. சுமார் ஒரு மணி நேரப் பயணம். அருகிலுள்ள ரயில் நிலையங்கள் லாங்நிட்ரியும் டிரெமும். ஊரைப் பார்க்க வாகனம் தேவையில்லை. கோர்ட் ஸ்ட்ரீட்டின் மேற்கு முனையில் தொடங்கி, மார்க்கெட் ஸ்ட்ரீட் வழியே கிழக்கே நடந்து, ஹை ஸ்ட்ரீட்டில் திரும்பி, பிறகு சைட்கேட் வழியாக ஆற்றுக்கு இறங்குவது நல்ல வரிசை. சைட்கேட்டில் 17ஆம் நூற்றாண்டு ஹாடிங்டன் மாளிகையும், அந்தக் காலத் தோட்டக்கலையைத் தழுவி அமைத்த புனித மேரி தோட்டமும் உள்ளன. அங்கிருந்து தேவாலயம் சில அடிகள்தான். தேவாலயத்தைப் பார்வையாளர்களுக்குக் கோடை மாதங்களில் தன்னார்வலர்கள் திறந்துவைக்கிறார்கள். குளிர்காலத்தில் வருகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் சுற்றுப்புறத்துக்கும் நேரம் ஒதுக்கலாம். தெற்கே லெனாக்ஸ்லவ் மாளிகையில் மேரி அரசியுடையது எனக் கருதப்படும் மரண முகமூடி காட்சிக்கு இருக்கிறது. அதே திசையில் போல்டன் கிராமத் தேவாலய வளாகத்தில் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் தாய் ஆக்னஸும் தம்பி கில்பர்ட்டும் அடக்கமாகியிருக்கிறார்கள். கில்பர்ட் லெனாக்ஸ்லவ் பண்ணையின் மேலாளராக இருந்தவர். கிழக்கே சமவெளியில் தனித்து எழும் டிராப்ரெய்ன் குன்றில் 1919இல் துண்டுதுண்டாக வெட்டப்பட்ட ரோமானிய வெள்ளிப் புதையல் கிடைத்தது. புதையல் எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் இருப்பதால், திரும்பும் வழியில் அதையும் பார்த்துவிடலாம்.